கார்டு வராத காலம்

திருநெல்வேலிப் பக்கம் அறுபது வயதைத் தாண்டிய யாரிடமாவது "கார்டு வந்துட்டா?" என்று கேட்டுப் பாருங்கள். ரேஷன் கார்டா, ஏ.டி.எம். கார்டா என்று திருப்பிக் கேட்கமாட்டார்கள். எங்கள் தலைமுறைக்குக் கார்டு என்றால் ஒன்றுதான். வேலைவாய்ப்பு அலுவலகத்திலிருந்து தபாலில் வரும் இன்டர்வியூ கார்டு. தபால்காரர் அதைக் கொண்டுவந்தால் அரை மணி நேரத்தில் தெருவுக்கே தெரிந்துவிடும். வேலை கிடைப்பது அப்புறம். கார்டு வந்ததற்கே கேசரி கிண்டிய வீடுகள் உண்டு.

பள்ளிச் சான்றிதழ் கைக்கு வந்ததும் முதல் காரியம், போய்ப் பதிந்துவிட்டு வருவது. அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, வீரவநல்லூர், சேரன்மகாதேவி என்று ஆற்றங்கரை ஊர்களிலிருந்தெல்லாம் செங்கோட்டை பாசஞ்சரில் பையன்கள் வந்து இறங்குவார்கள். டைப்ரைட்டிங்கில் லோயர் தேறினால் அதைச் சேர்க்க ஒரு நடை, ஹையர் தேறினால் இன்னொரு நடை, மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க ஒரு நடை. புதுப்பிக்க விட்டால் சீனியாரிட்டி போய்விடும். அந்தத் தேதிக்கு நாள்காட்டியில் சிவப்பு மையால் வட்டம் போட்டுவைத்த அப்பாக்களை எனக்குத் தெரியும்.

இந்த அலுவலகங்கள் வந்த கதையும் சுவாரசியமானது. இரண்டாம் உலகப் போர் முடியும் தறுவாயில், 1945 ஜூலையில், படையிலிருந்து வீடு திரும்பும் வீரர்களுக்கு வேலை தேடிக் கொடுப்பதற்காக ஏற்பட்ட அமைப்பு இது. 1948இல் எல்லோருக்கும் கதவைத் திறந்தார்கள். 1956 நவம்பர் 1 முதல் அன்றாட நிர்வாகம் மாநில அரசுகளிடம் வந்தது. 1959இல் ஒரு சட்டம் போட்டார்கள். 25 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் தனியார் நிறுவனங்களும் காலியிடங்களை வேலைவாய்ப்பு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்றது அது. தெரிவிக்கத்தான் வேண்டும், அங்கிருந்து வரும் ஆளைத்தான் எடுக்க வேண்டும் என்று அந்தச் சட்டம் சொல்லவில்லை. 1996இல் உச்ச நீதிமன்றம், அரசு வேலைக்கு அந்தப் பட்டியல் மட்டும் போதாது, பத்திரிகையிலும் விளம்பரம் செய்து விண்ணப்பிக்கிற எல்லோரையும் பரிசீலிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டது. வரிசையில் காத்திருந்தால் நம் முறை வரும் என்ற நம்பிக்கை அதோடு தளர்ந்தது.

இன்று அரசு வேலை என்றால் போட்டித் தேர்வுதான். டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4க்கு இன்டர்வியூவே கிடையாது. மத்திய அரசிலும் 2016 ஜனவரி 1 முதல் கீழ்நிலைப் பணிகளுக்கு இன்டர்வியூவை எடுத்துவிட்டார்கள். ஆகவே இன்டர்வியூ என்ற சொல் இப்போது பெரும்பாலும் தனியார் வேலையோடு போய்விட்டது. தனியாரில் சீனியாரிட்டி இல்லை. கார்டும் வராது. இதைப் பெரியவர்கள் நாம் பலர் இன்னும் மனதில் வாங்கிக்கொள்ளவில்லை. பேரப் பிள்ளைகளிடம், "எல்லாத்துக்கும் போட்டு வை, ஏதாவது ஒண்ணு வராமலா போயிரும்" என்கிறோம். அந்தப் பேச்சு பழைய வரிசைக்குப் பொருந்தும், இன்றைக்குப் பொருந்தாது. அதைப் பற்றித்தான் எழுத நினைத்தேன்.

நான் 31 வருடம் வேலை பார்த்தது ஓர் ஆலையின் பெர்சனல் டிபார்ட்மென்டில். இப்போது ஹெச்.ஆர். என்கிறார்கள். இந்தத் தாமிரபரணிக் கரைக்கு ஆலை வேலை புதிதல்ல. 1880களிலேயே ஹார்வி சகோதரர்கள் பாபநாசம் அருவித் தண்ணீரின் விசையை நம்பி விக்கிரமசிங்கபுரத்தில் நூற்பாலை வைத்தார்கள். 1949இல் தாழையூத்தில் இந்தியா சிமெண்ட்ஸ் ஆலை ஓடத் தொடங்கியது. நான் இருந்தது இவற்றைவிட மிகச் சிறிய இடம். ஆனாலும் ஒரு கிளார்க் வேலைக்கு விளம்பரம் கொடுத்தால் 400, 500 மனுக்கள் வந்து குவியும். அவற்றைப் பிரித்து அடுக்குவது என் வேலை. மேனேஜர், "பத்துப் பன்னிரண்டு பேரைக் கூப்பிட்டாப் போதும்" என்று சொல்லிவிடுவார். மீதி 490 பேரை என்ன செய்வது என்று அவர் சொல்லமாட்டார்.

ஐந்நூறு மனுவை எப்படிப் படிப்பார்கள் என்று நினைக்கிறீர்கள்? முழுதாக யாரும் படிப்பதில்லை. ஒரு மனுவுக்கு அரை நிமிடம் கிடைத்தால் பெரிது. முதலில் பார்ப்பது, எந்த வேலைக்கு எழுதியிருக்கிறான் என்று. "தங்கள் நிறுவனத்தில் ஏதேனும் ஒரு பணி வழங்குமாறு" என்றிருந்தால் அது ஓரமாகப் போய்விடும். இரக்கமில்லாமல் அல்ல. அவனை எங்கே வைப்பது என்று நான் உட்கார்ந்து யோசிக்க வேண்டும், அதற்கு நேரம் இல்லை. அடுத்து, கேட்ட படிப்பும் அனுபவமும் முதல் பக்கத்தில் கண்ணில் படுகிறதா என்று. மூன்றாவதாக, நம் ஆலையில் என்ன நடக்கிறது என்று தெரிந்து எழுதியிருக்கிறானா என்று.

ஒரு மனு நன்றாக நினைவிருக்கிறது. எலக்ட்ரீஷியன் வேலைக்கு வந்தது. ஐ.டி.ஐ. முடித்த பையன். ஒரே பக்கம்தான். மோட்டார் காயில் கட்டும் பட்டறையில் ஒன்றரை வருடம் இருந்ததாகவும், இன்னின்ன குதிரைத்திறன் மோட்டார்களைத் தனியாகக் கட்டியிருப்பதாகவும், நம் ஆலை மோட்டார்கள் சில அந்தப் பட்டறைக்கு வந்தபோது கையாண்டிருப்பதாகவும் எழுதியிருந்தான். டிப்ளமோ படித்தவர்களின் மனுக்கள் எல்லாம் அடியில் கிடக்க, அவன் மனு மேலே போய்விட்டது. அவனைக் கூப்பிட ஒரு காரணத்தை அவனே எங்கள் கையில் எழுதிக் கொடுத்துவிட்டான். வேலைவாய்ப்பு அலுவலக வரிசையில், முறை வந்துவிட்டது என்பதே கூப்பிடக் காரணம். வரிசை இல்லாத இடத்தில் அந்தக் காரணத்தை விண்ணப்பிக்கிறவர்தான் தர வேண்டும். மனுக்களைப் பிரித்துப் பிரித்து நான் கற்றுக்கொண்டது இவ்வளவுதான்.

ஓய்வு பெற்று வெகுகாலம் கழித்து இது மறுபடி உதவியது. எங்கள் தெருவில் ஒருவர் வண்ணாரப்பேட்டைப் பக்கம் சின்னதாக ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். அவருடைய மகள் பி.காம். முடித்து இரண்டு வருடம் ஆகிவிட்டது. போன ஆவணியில் ஒரு நாள் வந்து, "அண்ணாச்சி, நீங்க ஆள் எடுக்கிற இடத்துல இருந்தவுங்க. இவளுக்கு ஒண்ணு சொல்லுங்க. எட்டு மாசமா போனும் கையுமா உக்காந்திருக்கா. நூத்தம்பது இடத்துக்குப் போட்டாச்சுங்கா. ஒருத்தனும் கூப்பிடக் காணோம். வர்ற தை வரைக்கும் பாப்பேன். அதுக்கப்புறம் ஒரு வரனப் பாத்து முடிச்சிர வேண்டியதுதான்" என்றார். அந்தப் பெண் பக்கத்தில் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். தை என்ற சொல் வந்தபோது மட்டும் நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தாள்.

மறுநாள் அவளை ஒரு நாற்பது பக்க நோட்டோடு வரச் சொன்னேன். எங்கெங்கே விண்ணப்பித்தாளோ அதையெல்லாம் வரிசையாக எழுதச் சொன்னேன். தேதி, நிறுவனம், என்ன வேலை, எந்த வழியாக, பதில் வந்ததா என்று ஐந்து கட்டம். மின்னஞ்சலையும் செல்போனையும் பார்த்து எழுதி முடிக்க இரண்டு நாள் ஆயிற்று. மொத்தம் 140. அதில் 112 வேலைவாய்ப்பு இணையதளங்களில் பொத்தானை அமுக்கி அனுப்பியவை. ஹெச்.ஆர்., டேட்டா என்ட்ரி, கால் சென்டர், வங்கி, பள்ளிக்கூட ஆபீஸ், மருந்து கம்பெனி என்று எல்லாவற்றுக்கும் ஒரே பயோடேட்டா. வந்த அழைப்பு மூன்று. ஒன்று இன்சூரன்ஸ் பாலிசி பிடித்துக் கொடுக்கும் வேலை. ஒன்று போனில் கடன் விற்கும் வேலை. மூன்றாவது ஆள், இன்டர்வியூவுக்கு முன்னால் 2,500 ரூபாய் ரிஜிஸ்ட்ரேஷன் கட்டச் சொன்னவன்.

அந்த நோட்டைப் பார்த்ததும் அவளே, "தாத்தா, இது வேலை தேடுன மாதிரியே இல்ல. லாட்டரிச் சீட்டு வாங்குன மாதிரி இருக்கு" என்றாள். புத்திசாலிப் பெண்.

பயோடேட்டாவை எடுத்துப் படித்தேன். சவாலான சூழலில் பணியாற்றித் தன் திறமைகளை வளர்த்து நிறுவனத்தின் வளர்ச்சிக்குப் பாடுபடுவதே லட்சியம் என்று ஆரம்பம். பிறகு அப்பா பெயர், பிறந்த தேதி, பாட்டுக் கேட்பது பொழுதுபோக்கு, கடின உழைப்பாளி. அனுபவம் என்ற இடத்தில் 'இல்லை' என்று இருந்தது.

"ரெண்டு வருசமா வீட்ல சும்மாவா இருந்த?" என்றேன்.

"கடைக்குப் போவேன் தாத்தா. பில்லு போடுவேன்."

"பில்லு மட்டுந்தானா?"

"டேலியில ஏத்துவேன். மாசாமாசம் ஜி.எஸ்.டி.க்கு எல்லாம் எடுத்து வச்சு ஆடிட்டர் ஆபீஸுக்கு அனுப்புவேன். நாம வாங்குன சரக்குக்கு அவங்க பில்லு ஏத்திட்டாங்களான்னு டூ-பி பாத்து டிக் அடிப்பேன். ஏத்தலன்னா போன் போட்டுக் கேப்பேன்."

"இத ஏன் எழுதல?"

"அது நம்ம கடைதான தாத்தா. அது ஒரு வேலையா?"

எனக்குச் சிரிப்பதா, வருத்தப்படுவதா என்று தெரியவில்லை. விவரம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். 2017 ஜூலை 1ஆம் தேதி ஜி.எஸ்.டி. வந்த பிறகு மாதாமாதம் ரிட்டர்ன் போடும் வியாபாரிகள் விற்பனை விவரத்தை 11ஆம் தேதிக்குள்ளும், வரிக் கணக்கை 20ஆம் தேதிக்குள்ளும் ஏற்ற வேண்டும். நாம் வாங்கிய சரக்குக்குக் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ள வேண்டுமானால், விற்றவர் அந்தப் பில்லைக் கணக்கில் காட்டியிருக்க வேண்டும். அப்படிக் காட்டியதெல்லாம் ஜி.எஸ்.டி.ஆர்-2பி என்ற பட்டியலில் தெரியும். நம் கொள்முதல் பில்லையும் அந்தப் பட்டியலையும் ஒத்துப் பார்ப்பது ஒவ்வொரு கம்பெனியிலும் கணக்குப் பிரிவுக்குத் தலைவலி பிடித்த வேலை. இந்தப் பெண் அதை இரண்டு வருடமாகச் செய்துவிட்டு, அனுபவம் இல்லை என்று எழுதி வைத்திருக்கிறாள்.

நம் ஊரில் எத்தனை வீடுகளில் இப்படி இருக்கும் என்று அன்று இரவு யோசித்துப் பார்த்தேன். அப்பாவின் வாழைத்தார் கமிஷன் கடையில் கணக்குப் பார்த்த பையன், அம்மாவின் மகளிர் குழுவுக்கு வரவு செலவு நோட்டு எழுதிய பெண், மாமாவின் டிராவல்ஸில் வண்டிகளை யார் எங்கே எடுத்துப்போவது என்று பார்த்துக்கொண்ட மருமகன். சம்பளம் வாங்காததால் அது வேலை இல்லை என்று அவர்களும் நினைக்கிறார்கள், நாமும் நினைக்கிறோம். ஆள் எடுக்கிறவன் தேடுவது அதைத்தான்.

முதலில் ஒரே ஒரு வேலையை முடிவு செய்தோம். அக்கவுண்ட்ஸ் அசிஸ்டென்ட். தினமும் பஸ்ஸில் போய் வரக்கூடிய தூரம் என்று எல்லை வைத்தோம். கங்கைகொண்டான் சிப்காட், ஜங்ஷன், பாளையங்கோட்டை, தூத்துக்குடி. உள்ளூரில் என்ன இருக்கிறது என்று சொல்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கங்கைகொண்டானில் டயர் ஆலை இருக்கிறது, டாடா பவரின் சோலார் ஆலை இருக்கிறது. தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையில் ஜோஹோ 2011இலேயே வந்துவிட்டது. தூத்துக்குடியில் துறைமுகத்தைச் சுற்றிக் கப்பல் ஏஜென்ட், கிடங்கு, சரக்கு அனுப்பும் கம்பெனி என்று ஏராளம். இவற்றுக்குச் சரக்குப் போடுகிறவர்கள், லாரி விடுகிறவர்கள், கேன்டீன் நடத்துகிறவர்கள் என்று பின்னால் ஒரு கூட்டமே உண்டு. அவர்கள் எல்லோருக்கும் 20ஆம் தேதி வரும். எல்லோருக்கும் கணக்கு எழுத ஆள் வேண்டும். அவர்களில் பலர் இணையதளத்தில் விளம்பரமே கொடுப்பதில்லை.

பயோடேட்டாவைத் தலைகீழாக மாற்றினோம். லட்சியத்தை எடுத்துவிட்டு, முதல் ஐந்து வரியில் என்ன தெரியும் என்று எழுதினாள். இரண்டு வருடமாக ஒரு சில்லறை வணிகத்தின் கணக்கை டேலியில் பார்ப்பது, மாதம் சுமார் எத்தனை பில், 2பி ஒத்துப் பார்ப்பது, வங்கிக் கணக்கைச் சரிபார்ப்பது. எல்லாம் உண்மை, எல்லாவற்றுக்கும் எண்ணிக்கை. கட்டம், படம், வண்ணம் ஒன்றும் வேண்டாம் என்று அவளுடைய சீனியர் ஒருத்தி சொன்னாளாம். பெரிய கம்பெனிகளில் மனுவை முதலில் கம்ப்யூட்டர்தான் படிக்கிறது, விளம்பரத்தில் கேட்டிருக்கும் சொற்கள் மனுவில் இருக்கின்றனவா என்று பார்க்கிறது, அலங்காரம் அதிகமானால் அதற்குப் படிக்கத் தெரியாமல் போகும் என்று. நான் இருந்த நாற்காலியில் இப்போது ஒரு மென்பொருள் உட்கார்ந்திருக்கிறது. பார்க்கிற பார்வை மட்டும் மாறவில்லை. கேட்டது இருக்கிறதா, முதல் பக்கத்தில் தெரிகிறதா, அவ்வளவுதான்.

அடுத்தது கொஞ்சம் கஷ்டமான விஷயம். மனிதர்களிடம் கேட்பது. அவளுடைய அப்பா ஒத்துக்கொள்ளவே இல்லை. "சிபாரிசுக்குப் போய் ஒருத்தன் வாசல்ல நிக்க மாட்டேன் அண்ணாச்சி" என்றார். அவர் கௌரவம் எனக்குப் புரிகிறது. ஆனால் சிபாரிசு வேறு, விசாரிப்பது வேறு. என் மகளுக்கு வேலை போட்டுக் கொடுங்கள் என்பது சிபாரிசு. உங்களுக்குத் தெரிந்த இடத்தில் கணக்குப் பார்க்க ஆள் தேடுகிறார்களா, அங்கே என்ன எதிர்பார்ப்பார்கள், யாருக்கு எழுத வேண்டும் என்பது விசாரிப்பு. முதலாவதில் எதிராளிக்குப் பாரம். இரண்டாவதில் ஒரு நிமிடப் பேச்சு.

நம் ஊர்க்காரர்களுக்கு இது புதிதும் அல்ல. கார்டு வராத பையன்கள் டைப்ரைட்டிங் சான்றிதழை எடுத்துக்கொண்டு பம்பாய்க்கு ரயில் ஏறியது எப்படி? தாராவியிலோ மாட்டுங்காவிலோ இருக்கிற தூரத்து உறவினர், "இங்க ஒரு ஆபீஸ்ல ஆள் கேக்காங்க, பையன அனுப்பு" என்று இன்லேன்ட் லெட்டர் போட்டதால்தான். நெருங்கிய சொந்தம் எழுதியதைவிட, கல்யாண வீட்டில் ஒரு தடவை பார்த்த மனிதர் எழுதியது அதிகம்.

இதை அமெரிக்காவில் ஒருவர் ஆராய்ச்சியே செய்திருக்கிறார். மார்க் கிரானோவெட்டர் என்ற சமூகவியல் அறிஞர். பாஸ்டன் நகருக்கு அருகில் தெரிந்தவர் மூலம் வேலை மாறியவர்களைப் பிடித்து, அந்தத் தெரிந்தவரை எவ்வளவு அடிக்கடி பார்ப்பீர்கள் என்று கேட்டார். 1973இல் அவர் எழுதிய கட்டுரையில், அடிக்கடி பார்க்கிறவர் மூலம் வேலை அறிந்தவர்கள் 16.7 சதவீதம்தான். எப்போதாவது பார்க்கிறவர் மூலம் 55.6 சதவீதம். அரிதாகப் பார்க்கிறவர் மூலம் 27.8 சதவீதம். காரணம் எளிது. வீட்டுக்குள் இருப்பவர்களுக்கும் நெருங்கிய நண்பர்களுக்கும் நமக்குத் தெரிந்ததுதான் தெரியும். கொஞ்சம் தள்ளி இருப்பவருக்குத்தான் நமக்குத் தெரியாத இடம் தெரியும். லிங்க்ட்இன் தளத்தில் 2 கோடிப் பேரை வைத்து நடந்த ஆய்வு 2022இல் வெளிவந்தது. அதிலும் நெருக்கமானவர்களைவிட ஓரளவு பழக்கமுள்ளவர்கள் மூலம்தான் வேலை மாறுவது கூடுதல் என்று தெரிந்தது.

இதைச் சொன்னதும் அவள் அப்பா கொஞ்சம் இறங்கி வந்தார். கடைக்கு வருகிற சேல்ஸ் ரெப்ரசன்டேட்டிவ்கள், லாரி ஆபீஸ் கிளார்க், ஆடிட்டர் ஆபீஸ் ஜூனியர்கள், அவளுக்கு இரண்டு வருடம் முன்னால் படித்துப் போன பெண்கள் என்று இருபது பேர் பட்டியல் போட்டோம். வாட்ஸப்பில் நான்கு வரி. யார் என்று ஒரு வரி, என்ன தெரியும் என்று ஒரு வரி, என்ன விசாரிக்கிறேன் என்று ஒரு வரி, நன்றி. இருபதில் பதினொரு பேர் பதில் சொன்னார்கள். ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை.

இதற்கிடையில் ஒரு வேடிக்கை. பயோடேட்டாவில் தொடர்பு எண் என்று அப்பாவின் நம்பரைக் கொடுத்திருந்தாள். பெண்பிள்ளை நம்பரை ஊரெல்லாம் கொடுக்கக்கூடாது என்று வீட்டில் ஏற்பாடு. யாராவது கூப்பிட்டு அந்தப் பெண் பெயரைச் சொல்லிக் கேட்டால் அவர், "யாரு நீங்க? என் மகளோட பேச உங்களுக்கு என்ன சோலி?" என்பாராம். பெங்களூரிலிருந்து பேசிய ஹெச்.ஆர். பையன் பயந்து வைத்துவிட்டிருப்பான். எத்தனை அழைப்பு அப்படிப் போயிற்றோ! அன்றே 300 ரூபாய்க்குள் ஒரு புது சிம் வாங்கச் சொன்னேன். வேலைக்கு மட்டும் அந்த நம்பர். தெரியாத எண்ணாக இருந்தாலும் எடுக்க வேண்டும். எடுக்க முடியாவிட்டால் அரை மணி நேரத்தில் திருப்பிக் கூப்பிட வேண்டும். மின்னஞ்சலில் ஸ்பேம் என்ற குப்பைக் கூடையையும் தினம் ஒரு தடவை பார்க்க வேண்டும். இது சின்ன விஷயம் போலத் தோன்றும். கார்டு வந்த காலத்தில் தபால்காரரைக் கண்டு வீட்டுக் கதவைச் சாத்துவோமா?

பணம் கேட்டவனைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இன்டர்வியூவுக்குக் கூப்பிட, யூனிஃபார்முக்கு, லேப்டாப்புக்கு, டிரெயினிங்குக்கு என்று முன்பணம் கேட்டால் போனை வைத்துவிடச் சொல்லுங்கள். நம் வயதுக்காரர்கள்தான் பிள்ளை ஆசைப்படுகிறதே என்று பென்ஷன் பணத்தை எடுத்துக் கொடுத்துவிடுகிறோம். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு இருக்காமல் உடனே 1930 என்ற எண்ணுக்குக் கூப்பிட வேண்டும். சைபர் குற்றப் பண மோசடிகளுக்கான எண் அது. எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவு நல்லது.

பத்து வாரத்தில் அவள் அனுப்பியது 24 மனுக்கள். ஒவ்வொன்றுக்கும் முன்னால் அந்த நிறுவனம் என்ன செய்கிறது என்று அரை மணி நேரம் பார்ப்பாள். விளம்பரம் வந்த இரண்டு நாளுக்குள் அனுப்பிவிடுவாள். ஒரு வாரம் கழித்து ஒரே ஒரு தடவை மரியாதையாக நினைவூட்டுவாள். எல்லாம் நோட்டில் ஏறும். ஞாயிற்றுக்கிழமை இருவரும் உட்கார்ந்து பார்ப்போம். முதல் எட்டு மனுவுக்கு ஓர் அழைப்பும் இல்லை. பயோடேட்டாவில் டேலி என்ற சொல் இரண்டாம் பக்கம் போயிருந்ததைக் கண்டுபிடித்து மேலே கொண்டுவந்தாள். அடுத்த 16க்கு ஆறு அழைப்பு வந்தது. அழைப்பே வராவிட்டால் கோளாறு மனுவில் அல்லது அனுப்பும் இடத்தில். அழைப்பு வந்தும் வேலை அமையாவிட்டால் இன்டர்வியூவில் பேசும் விதத்தில். இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொண்டு, எனக்கு ராசியில்லை என்று உட்கார்ந்துவிடக் கூடாது.

ஆறில் நான்கு, விசாரித்த ஆட்கள் வழியாகத் தெரிந்த இடங்கள். ஒன்றில் சம்பளம் பஸ் டிக்கெட்டுக்கே சரியாகப் போகும். ஓரிடத்தில் இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டு அனுபவம் போதாது என்று சொல்லிவிட்டார்கள். அன்று அவள் சாப்பிடவில்லை என்று அவள் அம்மா வந்து சொன்னாள். இன்னொரு இடத்தில் ராத்திரி எட்டு மணி வரை இருக்க வேண்டும் என்றார்கள், வேண்டாம் என்று அவளே சொல்லிவிட்டாள். வேண்டாம் என்று சொல்லும் நிலை அவளுக்கு அன்றுதான் முதன்முதலாக வந்தது. கார்த்திகை முடிவதற்குள் ஒரு டிஸ்டிரிபியூட்டர் கம்பெனியில் சேர்ந்துவிட்டாள். அந்த இடத்தைச் சொன்னது லாரி ஆபீஸ் கிளார்க். கடைக்கு மாதம் ஒரு தடவை பில்லோடு வந்து நின்றுவிட்டுப் போகிற மனிதர். அவளுடைய அப்பாவுக்கு அவர் பெயர்கூட அதுவரை தெரியாது.

பெருமாள்புரத்தில் உள்ள மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தையும் மறந்துவிட வேண்டாம். பதிவு இப்போது வீட்டிலிருந்தே இணையத்தில் செய்யலாம். போட்டித் தேர்வுக்கு அங்கே இலவசப் பயிற்சி நடக்கிறது. தனியார் துறை முகாம்களும் நடத்துகிறார்கள். பல கம்பெனிக்காரர்களை ஒரே நாளில் நேரில் பார்க்கக் கிடைக்கும் இடம் அது. போகும்போது ஒரே பயோடேட்டாவை முப்பது நகல் எடுத்துக்கொண்டு போகாமல், எந்தெந்த நிறுவனம் வருகிறது என்று முந்தின நாளே பார்த்துவிட்டுப் போகச் சொல்லுங்கள்.

நம் வயதுக்காரர்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. நமக்குக் கம்ப்யூட்டர் தெரியாமல் இருக்கலாம். ஆனால் நாற்பது வருடம் ஓரிடத்தில் வேலை பார்த்ததில் நமக்கு எத்தனை பேரைத் தெரியும்! பழைய டைரியை எடுத்துப் பாருங்கள். வீட்டில் பிள்ளைகள் வேலை தேடினால், எத்தனை இடத்துக்குப் போட்டாய் என்று கேட்பதை நிறுத்திவிட்டு, இத்தனை நாள் என்னவெல்லாம் செய்திருக்கிறாய் என்று பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். அதை ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும்.

தை வந்து போய்விட்டது. வரன் பேச்சை அவர் எடுக்கவில்லை. மாதம் 20ஆம் தேதி நெருங்கினால் மட்டும் முகம் வாடிவிடுகிறது. கடைக் கணக்கை யார் பார்ப்பது? ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள்தான் கடைக்குப் போய் எல்லாம் ஏற்றிவிட்டு வருகிறாள். போன மாதத்திலிருந்து அதற்கு 2,000 ரூபாய் சம்பளம் என்று கேட்டு வாங்குகிறாளாம். "இவளுக்கு இதெல்லாம் யாரு அண்ணாச்சி சொல்லிக் கொடுத்தா?" என்று என்னிடமே வந்து கேட்கிறார்.